திரவப் படிகங்களின் வரலாறு – 9: இடம் கொள்ளாத முறுக்கு

பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் தாவர உடலியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த பிரெடெரிக் ரைனிட்சர் 1888இல் ஆராய்ந்த கொலஸ்டெரில் பென்சோயேட், 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கிய நீர்மமாகவும் 178.5 டிகிரியில் தெளிந்த நீர்மமாகவும் மாறியதையும், அந்த இரண்டு உருகுநிலைகளின் பொருளை ஓட்டோ லேமன் நுண்ணோக்கியின் வழியே தேடியதையும் இத்தொடரின் முந்தைய பகுதிகள் விரித்துரைத்தன. ரைனிட்சரின் குறிப்புகளில் மற்றொரு செய்தியும் இருந்தது. தெளிந்த நீர்மத்தைக் குளிரவிட்டபோது, அது கலங்கத் தொடங்கும் தறுவாயில் ஊதாவும் நீலமும் கலந்த ஒரு நிறம் தோன்றி விரைவில் மறைந்துவிடுவதை அவர் பதிவு செய்திருந்தார். லேமனும் அதைக் கண்டார். இரட்டை உருகுநிலை என்ற பெரும் புதிரின் நிழலில் இந்தச் சிறு புதிர் ஏறத்தாழ 85 ஆண்டுகள் ஒதுங்கிக் கிடந்தது. கைரல் திரவப் படிகங்களின் நிலைகளைப் பற்றிய அறிவின் ஒரு பகுதி அந்த நீல நிறத்தின் பொருளைத் தேடிச் சென்ற பாதையில் முதிர்ந்தது.

ஆடியில் தெரியும் தன் பிம்பத்தின் மேல் எவ்வகையில் திருப்பி வைத்தாலும் பொருந்தாத மூலக்கூறு கைரல் மூலக்கூறு எனப்படும். கொலஸ்டெராலும் அதிலிருந்து பெறப்படும் சேர்மங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. கைரல் தன்மையற்ற நீள் மூலக்கூறுகள் நெமாட்டிக் நிலையில் ஏறக்குறைய ஒரே திசையை நோக்கி ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். அவற்றின் மையங்களுக்கு ஒழுங்கு இல்லை, திசைக்கு மட்டுமே ஒழுங்கு உண்டு. கைரல் மூலக்கூறுகளோ தம் அண்டை மூலக்கூறுக்கு முற்றிலும் இணையாக நிற்க இசைவதில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து மிகச் சிறிய கோணம் விலகி நிற்க, அந்த விலகல் ஒரே போக்கில் சேர்ந்துகொண்டே போய், நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைக் கடந்த பின் ஒரு முழுச் சுற்று நிறைவடைகிறது. இந்தச் சுருள் அமைப்பே கொலஸ்டெரிக் நிலை; திசை ஒரு முழுச் சுற்றுச் சுழல்வதற்குத் தேவையான நீளமே அதன் புரியிடைத் தூரம்.

ஜார்ஜ் பிரிடெல் 1922இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் நெமாட்டிக், ஸ்மெக்டிக், கொலஸ்டெரிக் என்னும் பகுப்பை நிலைநாட்டியபோது, கொலஸ்டெரிக்கைத் தனி வகையாக அல்லாமல் முறுக்கப்பட்ட நெமாட்டிக்காகவே கருதினார். அதற்கு வலுவான சான்றுகள் இருந்தன. நெமாட்டிக் பொருளில் ஒளிசுழற்றும் பொருள் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் அது கொலஸ்டெரிக்காக மாறிவிடும். வலஞ்சுழியும் இடஞ்சுழியும் ஆன கொலஸ்டெரிக்குகளைத் தக்க விகிதத்தில் கலந்தால் முறுக்கு ஒன்றையொன்று ஈடுசெய்து நெமாட்டிக்கே எஞ்சும். முறுக்கு என்பது கூடவும் குறையவும் கூடிய ஓர் அளவு என்பதும், கலவையின் விகிதத்தை மாற்றி அதைத் தொடர்ச்சியாகச் சுழி வரை கொண்டுபோகலாம் என்பதும் இதனால் தெளிவாயின. பின்னாளில் நிலை வரைபடங்களில் கைரல் தன்மை ஓர் அச்சாகவே இடம்பெற்றதற்கு இக்கருத்தே வித்து. உப்சாலாவின் ஓசீனும் பின்னர் பிரிஸ்டலின் பிராங்க்கும் மீள்தன்மை ஆற்றலுக்கான கோட்பாட்டை வகுத்தபோது, கைரல் பொருளுக்கு ஆற்றல் சிறுமமாக இருப்பது முறுக்கற்ற அமைப்பில் அன்று, குறிப்பிட்ட அளவு முறுக்கிய அமைப்பில்தான் என்று ஒரே ஓர் உறுப்பைச் சேர்த்தே எழுத முடிந்தது.

கொலஸ்டெரிக் நிலையின் ஒளியியல் தனிச்சிறப்புடையது. புரியிடைத் தூரம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளத்துக்கு ஒப்பாக அமையும்போது, அந்தச் சுருள் குறிப்பிட்ட நிறத்தை, அதிலும் தன் சுழற்சிக்கு ஒத்த வட்டத் தளவிளைவு கொண்ட ஒளியை மட்டும், எதிரொளித்து மற்றதைக் கடத்திவிடுகிறது. அந்த அலைநீளத்தின் அருகே ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஆயிரக்கணக்கான டிகிரி என்ற அளவில் ஒளிசுழற்சி நிகழ்கிறது. சர்க்கரைக் கரைசலோ குவார்ட்சோ இதன் அருகில்கூட வர இயலாது. டி விரீஸ் 1951இல் இதற்கான கணிதத்தை அளித்தார். எக்ஸ் கதிர்கள் படிகத்தில் விளிம்பு விளைவு அடைவதற்கு இயற்பியலாளர் சி. ஜி. டார்வின் வகுத்திருந்த இயக்கவியல் கோட்பாட்டை இச்சுருளுக்குப் பொருத்தி, ஒளிசுழற்சியையும் எதிரொளிப்பையும் ஒரே பார்வையில் விளக்கியவர், சர் சி. வி. இராமனின் சகோதரி மகனும், முதலில் மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும் 1971 முதல் பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்திலும் பணியாற்றியவருமான எஸ். சந்திரசேகர். 1977இல் தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகங்களைக் கண்டறிந்தவர் என்றே அவர் பெரிதும் நினைக்கப்படுகிறார். கொலஸ்டெரிக் ஒளியியலில் அவர் செய்த பணியும் அதற்கு ஒப்ப மதிக்கத் தக்கது. வெப்பநிலையோடு புரியிடைத் தூரமும் அதனால் நிறமும் மாறுவதைப் பயன்படுத்தி, அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தில் ஜேம்ஸ் பெர்கசன் வெப்பநிலைகாட்டும் படலங்களை உருவாக்கினார்.

இவ்வளவு அறிந்த பின்னும் அந்த நீல நிறம் ஏன் ஒதுக்கப்பட்டது என்பதற்குக் காரணங்கள் உண்டு. அது தோன்றும் வெப்பநிலை இடைவெளி பெரும்பாலான பொருள்களில் ஒரு டிகிரி அளவினது. சூடேற்றும் மேடையின் வெப்பநிலையைப் பத்தில் ஒரு டிகிரிக்குள் நிறுத்தி வைக்க இயலாத காலத்தில் அது கண்ணில் பட்டு மறையும் இடைநிகழ்வாகவே தோன்றியிருக்கும். இரண்டாவது காரணம் ஆழமானது. திரவப் படிகத்தை அடையாளம் காணும் முதன்மைச் சோதனை இரட்டை ஒளிவிலகல். செங்குத்தாக வைத்த இரண்டு தளவிளைவாக்கிகளுக்கிடையே ஒளிர்வது திரவப் படிகம், இருண்டிருப்பது சாதாரண நீர்மம். நீல நிறம் காட்டிய பகுதியில் இரட்டை ஒளிவிலகல் இல்லை. ஆகவே அதைத் தனி நிலையாக எண்ணாமல் கொலஸ்டெரிக்கின் ஒரு தோற்ற வேறுபாடாகவே பலர் கொண்டனர். அறிவியலில் ஒரு சோதனை வெற்றிகரமாக நிலைபெற்றுவிட்டால், அதன் கண்ணிக்குள் விழாத பொருள் இல்லாத பொருளாகிவிடும் இடர் உண்டு என்பதற்கு இது ஒரு தெளிந்த எடுத்துக்காட்டு.

இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயும் டேவிட் கோட்ஸும் 1973இல் வெளியிட்ட ஒளியியல் ஆய்வு இந்நிலையை நீல நிலை என்று பெயரிட்டு மீண்டும் அரங்குக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1969இல், ஆல்பிரட் சாப்பே ஒரு துணிவான ஊகத்தை முன்வைத்திருந்தார். இரட்டை ஒளிவிலகல் இல்லை, ஆனால் ஒளிசுழற்சி உண்டு என்றால், மூலக்கூறுகளின் திசை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருக்கும் அதேவேளை ஒழுங்கும் இருக்க வேண்டும். கனசதுரச் சமச்சீர் கொண்ட ஓர் அணிக்கோவை இவ்விரண்டையும் நிறைவேற்றும் என்பது அவர் கருத்து. 1970களின் இறுதியில் செய்யப்பட்ட நுண்ணிய அளவீடுகள், நீல நிலை ஒன்றல்ல என்று காட்டின. பாடர்போர்னில் பெர்க்மனும் ஸ்டெகமெயரும் 1979இல் அதற்கான சான்றை வெளியிட்டனர். குளிர்ந்த பக்கத்திலிருந்து வெப்பம் கூடக்கூட முதலாம், இரண்டாம், மூன்றாம் நீல நிலைகள் அடுத்தடுத்து வருவதாகப் பின்னர் உறுதியானது. முதலாவது பொருள் மைய கனசதுர அமைப்பு, இரண்டாவது எளிய கனசதுர அமைப்பு. மூன்றாவதற்கு அணிக்கோவையே இல்லை. மங்கிய மூடுபனியைப் போன்ற அதன் தோற்றம் பல ஆண்டுகள் ஆய்வாளர்களைத் திணறவைத்தது.

இந்தக் கனசதுரம் உப்பின் படிகத்தில் உள்ளதைப் போன்றதன்று. உப்பில் அணுக்கள் தத்தம் இடத்தில் அமர்ந்து அணிக்கோவையை உண்டாக்குகின்றன. நீல நிலையில் மூலக்கூறுகள் நீர்மத்தில் போலவே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அலைந்துகொண்டிருக்கின்றன. ஓர் இடத்தை அடையும் மூலக்கூறு எதுவாயினும் அது நோக்க வேண்டிய திசை எது என்பதே அணிக்கோவையாக மீண்டும் மீண்டும் வருகிறது. ஓர் அலகுக்கூட்டின் பக்கம் சில நூறு நானோமீட்டர். அதற்குள் அடங்கும் மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் இருக்கும். அணுப் படிகங்களுக்கு எக்ஸ் கதிர் செய்யும் வேலையை இங்கே கண்ணுக்குப் புலனாகும் ஒளியே செய்துவிடுகிறது: ரைனிட்சர் கண்ட நீலம் ஒரு பிராக் (Bragg) எதிரொளிப்பு, அதாவது அணிக்கோவையின் சீரான இடைவெளிகளிலிருந்து எழும் எதிரொளிப்பு. தக்க கலவைகளில் இதே எதிரொளிப்பு பச்சையாகவும் சிவப்பாகவும் அமைவதுண்டு. நீர்மத்தினுள் மெல்ல வளரவிட்டால், நீல நிலை முகப்புகள் தீட்டிய ஒற்றைப் படிகங்களாகவும் உருவாகிறது.

திசை ஏன் இவ்வாறு கனசதுரமாக அடுக்கப்பட வேண்டும் என்ற கேள்விதான் இவ்வரலாற்றின் உயிர்நாடி. கொலஸ்டெரிக்கில் முறுக்கு ஒரே ஓர் அச்சைச் சுற்றி மட்டும் நிகழ்கிறது. ஆனால் ஒரு கைரல் மூலக்கூறுக்கு ஒரு பக்கத்து அண்டை மூலக்கூறிடமிருந்து மட்டும் விலகி நிற்கும் இயல்பு இல்லை; தன்னைச் சுற்றி எல்லாப் பக்கத்திலும் உள்ளவற்றிடமிருந்தும் அதே கோணத்தில் விலகி நிற்கவே அது முற்படுகிறது. நடுவில் ஒரு மூலக்கூறு நிமிர்ந்து நிற்க, அதிலிருந்து எந்தத் திசையில் வெளியே நகர்ந்தாலும் மற்றவை படிப்படியாகச் சாய்ந்துகொண்டே போகும் இந்த அமைப்புக்கு இரட்டை முறுக்கு என்று பெயர். மையத்தின் அருகே இது ஒற்றை முறுக்கைவிடக் குறைந்த ஆற்றல் உடையது. மையத்திலிருந்து விலகி, சாய்வு சுமார் 45 டிகிரியை எட்டும்போது அந்த ஆதாயம் தேய்ந்துவிடுகிறது. ஆகவே இரட்டை முறுக்கு ஓர் உருளைக்குள் அடங்கியே வாழ முடியும். நாம் வாழும் வெளியை எங்கும் இடைவிடாமல் அதனால் நிரப்புவது வடிவியல் அடிப்படையில் இயலாதது.

உருளைகளை ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் அடுக்கினால் அவற்றின் விளிம்புகளில் திசைகள் ஒத்துப்போகின்றன. ஆனால் மூன்று திசையிலும் அடுக்கிய மூங்கில் கழிகளுக்கிடையே இடுக்குகள் எஞ்சுவது போல, உருளைகளுக்கிடையே நிரம்பாத இடங்கள் எஞ்சுகின்றன. அங்கே மூன்று பக்கத்துத் திசைகளும் சந்தித்து எதனோடும் இசைய முடியாமல், திசை என்பதே வரையறையற்றுப் போகும் கோடுகள் உண்டாகின்றன. இவை திசைக் குறைபாட்டுக் கோடுகள். நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகங்களோடு தொடர்புடைய மெய்பூம், சேத்னா, ஆண்டர்சன், பிரிங்க்மன் ஆகிய நால்வரும் 1981இல் வெளியிட்ட கோட்பாடு, இக்கோடுகளை விபத்தாக அல்லாமல் அமைப்பின் உறுப்பாகவே எடுத்துக்கொண்டது. நீல நிலை என்பது குறைபாட்டுக் கோடுகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட அணிக்கோவை. குறைபாட்டை நீக்கினால் படிகம் செம்மையடையும் என்ற பழக்கமான எண்ணம் இங்கே தலைகீழாகிறது. குறைபாட்டை நீக்கினால் இந்தப் படிகமே இல்லாமற்போகும்.

அக்கோட்பாட்டின் அழகு இரண்டு இடங்களில் விளங்குகிறது. மீள்தன்மை ஆற்றலில் பொருளின் உட்பகுதியைப் பாதிக்காமல் மேற்பரப்பில் மட்டும் பங்களிக்கும் ஓர் உறுப்பு உண்டு. மேற்பரப்பு தொலைவில் இருக்கிறது என்று கருதி அதைக் கணக்கிலிருந்து விடுவதே வழக்கம். குறைபாட்டுக் கோடு ஒவ்வொன்றும் பொருளுக்குள்ளேயே ஒரு புதிய மேற்பரப்பை உண்டாக்குவதால், விடப்பட்ட அந்த உறுப்பு திரும்பி வந்து ஆற்றலைக் குறைக்கிறது. மறுபுறம், கோட்டின் மையத்தில் ஒழுங்கு சிதைந்து பொருள் சாதாரண நீர்மமாகிவிடுகிறது. ஒழுங்கை இழப்பதற்கான செலவு, ஒழுங்கு தானாகவே கலையவிருக்கும் தெளிவடையும் வெப்பநிலைக்கு அருகில் மிகவும் சிறியது, அதிலிருந்து கீழே இறங்க இறங்கப் பெரியது. வரவும் செலவும் ஈடாகும் இடைவெளி ஏறத்தாழ ஒரு டிகிரியாக இருப்பது இதனாலேயே. நீல நிலையை இத்தனை காலம் கண்ணில் படாமல் ஒளித்துவைத்த அந்தக் குறுகல், அதன் அமைப்பிலிருந்தே பிறக்கிறது. கோட்பாடு கண்டவர்கள் ஒரு கணக்கை மட்டும் தீர்க்கவில்லை. ஒரு வரலாற்றுப் புறக்கணிப்புக்கும் விளக்கம் தந்துவிட்டார்கள்.

சேத்னா, ரைட், மெர்மின் மூவரும் 1983இல் இதை மேலும் ஒரு படி எடுத்துச் சென்றனர். நம்முடைய தட்டையான வெளியில் இரட்டை முறுக்கு எங்கும் பரவ முடியாது. நான்கு பரிமாணத்தில் உள்ள கோளம் ஒன்றின் முப்பரிமாண மேற்பரப்பில், அதன் வளைவு தக்க அளவில் இருந்தால், ஒரு குறைபாடும் இன்றி எங்கும் பரவ முடியும் என்று அவர்கள் காட்டினர். அந்த வளைந்த வெளியைத் தட்டையாக்கும்போது ஏற்படும் கிழிசல்களாக நம் வெளியின் குறைபாட்டுக் கோடுகளைக் காணலாம். எங்கும் இல்லாத ஒரு வெளியில் நிறைவான படிகமொன்றை வைத்து, கையிலுள்ள பொருளை அதன் சிதைந்த வடிவமாகப் புரிந்துகொள்ளும் இந்த முறை, செறிபொருள் இயற்பியலின் மிகச் சிறந்த சிந்தனைகளுள் ஒன்றாக வைக்கத் தக்கது.

ஆடி எதிர் வடிவங்கள் இரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து கைரல் தன்மையைக் கூட்டியும் குறைத்தும் நிலை வரைபடங்கள் வரையப்பட்டன. இரண்டும் சம அளவில் உள்ள சுழிமாய்க் கலவையில் முறுக்கும் இல்லை, நீல நிலையும் இல்லை. முறுக்கு குறைவாக, அதாவது புரியிடைத் தூரம் நீண்டதாக இருக்கும்வரை கொலஸ்டெரிக் நேரே நீர்மமாகிவிடுகிறது. புரியிடைத் தூரம் அரை மைக்ரோமீட்டர் அளவுக்குக் குறுகிய பின்னரே நீல நிலைகள் இடையில் தலைகாட்டுகின்றன. கைரல் தன்மை மிக அதிகமாகும்போது இரண்டாம் நீல நிலை மறைகிறது. மூன்றாம் நீல நிலையையும் நீர்மத்தையும் பிரிக்கும் கோடு ஒரு மாறுநிலைப் புள்ளியில் முடிந்துபோகிறது. நீருக்கும் நீராவிக்கும் இடையிலுள்ள எல்லை முடிவதைப் போலவே இதுவும் முடிவதால், அவ்விரண்டும் ஒரே சமச்சீர் உடையவை என்று கொள்ள வேண்டியதாயிற்று. மூடுபனித் தோற்றத்தின் உட்புறத்தில் இருப்பது ஒழுங்கின்றிப் பின்னிய குறைபாட்டுக் கோடுகளின் வலை என்று, 2011இல் எடின்பரோ ஆய்வாளர்களின் கணினி ஒப்புருவாக்கம் காட்டியது.

குறுகிய வெப்பநிலை இடைவெளியை விரிக்கும் வழியும் குறைபாட்டின் வழியாகவே வந்தது. ஜப்பானில் கிகுச்சியும் உடன் பணியாற்றியவர்களும் 2002இல், நீல நிலையிலுள்ள கலவைக்குள் சிறிதளவு பலபடியை உருவாக்கினர். பலபடி, ஒழுங்கு சிதைந்த கோடுகளின் மையங்களில் குவிந்து அவற்றை நிலைநிறுத்த, நீல நிலை அறை வெப்பநிலை உட்பட 60 டிகிரிக்கும் மேற்பட்ட இடைவெளியில் நீடித்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கோல்ஸும் பிவ்னென்கோவும் 2005இல் பலபடி இன்றியே, மூலக்கூறு அமைப்பைத் தேர்ந்து, 60 டிகிரியிலிருந்து 16 டிகிரி வரை நீடிக்கும் நீல நிலையைப் பெற்றனர். மின்புலத்துக்கு மிக விரைந்து மறுமொழி தரும் இந்நிலையைக் கொண்டு சாம்சங் நிறுவனம் 2008இல் ஒரு மாதிரித் திரையைக் காட்சிக்கு வைத்தது.

ஸ்மெக்டிக் நிலையில் முறுக்குக்கும் வடிவியலுக்கும் இடையிலான பிணக்கு இன்னும் கடுமையானது. அங்கே மூலக்கூறுகள் சம இடைவெளி கொண்ட அடுக்குகளாக அமைகின்றன. மூலக்கூறுகள் அடுக்குக்குச் சாய்ந்து நிற்கும் வகையில், சாய்வின் திசை அடுக்குக்கு அடுக்குச் சுழன்று செல்ல முடியும், அடுக்குகள் குலைவதில்லை. இத்தகைய கைரல் அடுக்குகள் தாமாகவே மின்முனைவு பெற்றிருக்கும் என்று ராபர்ட் மேயர் கணித்து, பிரெஞ்சு வேதியியலாளர்களுடன் சேர்ந்து 1975இல் மெய்ப்பித்தார். அடுத்தடுத்த அடுக்குகள் எதிரெதிராகச் சாயும் எதிர்வகையை, இலங்கையைச் சேர்ந்த சாந்தனியை முதல் ஆசிரியராகக் கொண்ட டோக்கியோ ஆய்வுக்குழு 1989இல் அறிவித்தது. இவை தனிப் பகுதியாக விரித்துச் சொல்லப்பட வேண்டியவை.

மூலக்கூறுகள் அடுக்குக்குச் செங்குத்தாக நிற்கும் வகையிலோ இந்த வாய்ப்பும் இல்லை. மூலக்கூறின் திசையை முறுக்கினால் அடுக்குகளையும் முறுக்க வேண்டும். முறுக்கிய அடுக்குகள் சம இடைவெளியைக் காக்க முடியாது. பியர்-ஜில் டி ஜென் 1972இல் இந்நிலைமைக்கும் மீக்கடத்திக்கும் உள்ள ஒப்புமையைக் கண்டார்: மீக்கடத்தி காந்தப்புலத்தை வெளியேற்றுவது போல் ஸ்மெக்டிக் அடுக்குகள் முறுக்கை வெளியேற்றுகின்றன. இரண்டாம் வகை மீக்கடத்திகளில் காந்தப்புலம் சுழல் கோடுகளாக உள்ளே நுழையும் என்று அப்ரிகோசோவ் 1957இல் காட்டியிருந்ததால், முறுக்கும் அவ்வாறே ஏதோ ஒரு குறைபாட்டின் வழியே அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும் என்பது அந்த ஒப்புமையின் தவிர்க்க இயலாத விளைவு. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ரென்னும் லுபென்ஸ்கியும் 1988இல் அதை முழுமையாக வகுத்தனர். அவர்கள் கணித்த நிலையில் அடுக்குகள் சிறு சிறு பாளங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு பாளமும் முந்தையதிலிருந்து ஒரு குறிப்பிட்ட கோணம் திரும்பி நிற்கும். இரண்டு பாளங்களுக்கிடையே திருகு இடப்பெயர்வுக் கோடுகள் ஒரு சுவராக வரிசையில் நின்று அந்தத் திருப்பத்தைத் தாங்கும். அடுத்த ஆண்டே பெல் ஆய்வகங்களில் குட்பியும் குழுவினரும் சுருள் அமைப்புடைய ஒரு புதிய ஸ்மெக்டிக் நிலையை அறிவிக்க, அது ரென்னும் லுபென்ஸ்கியும் வரைந்த அதே அமைப்பு என்று தெளிந்தது.

உறையவைத்துப் பிளந்த மாதிரிகளின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் 1992இல் வெளிவந்தபோது பாளங்களை நேரடியாகவே அளக்க முடிந்தது. ஒவ்வொரு பாளத்தின் தடிமனும் சுமார் 24 நானோமீட்டர். அடுத்த பாளம் சுமார் 17 டிகிரி திரும்பியிருந்தது. ஏறத்தாழ 21 பாளங்கள் சேர்ந்து அரை மைக்ரோமீட்டர் நீளத்தில் ஒரு முழுச் சுற்றை நிறைவு செய்கின்றன. கொலஸ்டெரிக்கில் இழைந்து செல்லும் முறுக்கு, இங்கே குறைபாட்டுச் சுவர்களில் மட்டும் தங்கிப் படிப்படியாகச் செல்கிறது.

(தொடரும்)